ஃபீஸ் வாங்காத வக்கீல்களின் அறைக்குள்ளே!

காலை பத்தேகால். இன்னும் கால் மணி நேரத்தில் கோர்ட் கூடிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தின் ஒரு சின்ன அறையில், சீனியர் வக்கீல் தன் கழுத்துப் பட்டையைக் காணாமல் தவித்துக்கொண்டிருக்கிறார். கறுப்புக் கோட்டு தயார், ஷூ தயார், வெள்ளைப் பட்டை மட்டும் மாயம். "நேத்து சாயங்காலம் இங்கனதானய்யா வச்சேன்!" ஜூனியர் ஒருவர் மேஜைக்கு அடியில் புகுந்து தேடுகிறார். இன்னொருவர் பீரோவைத் திறக்க, இரண்டு கேஸ் கட்டுகள் அவர் காலிலேயே விழுகின்றன. அலுவலக உதவியாளரான அம்மா மட்டும் பதற்றமே இல்லாமல் வந்து, மேஜையில் கிடந்த தடிப் புத்தகத்தைப் பிரித்து, நடுவிலிருந்து பட்டையை உருவி நீட்டுகிறார். புத்தகம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பிரிந்த பக்கம், ஜாமீன் அத்தியாயம். பக்க அடையாளத்துக்காக சீனியரேதான் அங்கே வைத்திருக்கிறார்.

"ஐயய்யோ! ஏம்மா, இப்ப பக்கம் போயிருச்சே!" என்கிறார் சீனியர்.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, திரைக்குப் பின்னால் நுழையவிட்ட சின்னப் பிள்ளையின் குதூகலம். கோர்ட்டை நாம் எப்போதும் முன்வாசல் வழியாகத்தானே பார்க்கிறோம்? டவாலியின் குரல், உயரமான மேடை, கூண்டு, அவ்வளவுதான். கூண்டில் நிற்பவருக்காகப் பேசுகிறவர் காலையில் என்ன பாடுபட்டு அங்கே வந்து நிற்கிறார் என்பதை யார் பார்த்தார்கள்? சீனியர் எனக்கு மூன்று நிபந்தனைகள் போட்டிருந்தார். ஆள் பெயர் எழுதக் கூடாது, வழக்கின் அடையாளம் தெரியக் கூடாது, அவருடைய தொப்பையைப் பற்றி எழுதக் கூடாது. முதல் இரண்டையும் காப்பாற்றிவிட்டேன்.

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் வழக்கில் 'லீகல் எய்டு வக்கீல்'. காகிதத்தில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர். குற்ற வழக்கில் மாட்டிக்கொண்டு, வக்கீல் வைக்க வழியில்லாமல் நிற்பவர்களுக்கு அரசு செலவில் வாதாடுகிறவர்கள். முன்பெல்லாம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீலுக்கு ஒரு வழக்கு ஒதுக்குவார்கள். அவர் தன் சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்த்துக்கொள்வார். 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம், முழு நேர வக்கீல்கள், இதைத் தவிர வேறு வழக்கு தொடக் கூடாது. தலைமை வக்கீலுக்குக் குற்ற வழக்கில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணைத் தலைமைக்கு 7 ஆண்டு. உதவி வக்கீல்கள் தொழிலுக்குப் புதுசான இளவட்டங்கள். வேலை ஒப்பந்த அடிப்படையில்தான்.

ஏன் ஸ்ரீவில்லிபுத்தூர்? மாவட்டத்தின் பெயர் விருதுநகர், கலெக்டர் ஆபீஸும் அங்கேதான். ஆனால் மாவட்ட நீதிமன்றம் ஆண்டாள் ஊரில். ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று எந்தப் பக்கம் கொலை வழக்கு நடந்தாலும் செஷன்ஸ் விசாரணைக்கு ஆட்கள் பஸ் ஏறி பெரும்பாலும் இங்கேதான் வரவேண்டும். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் எங்களுடையதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். மதுரைக்காரர்களுக்கு அதில் வேறு கருத்து உண்டு. அந்த வழக்கு எந்தக் கோர்ட்டிலும் முடியாது.

சரி, அறையைச் சுற்றிப் பார்ப்போம், வாங்க. மெதுவாக வாங்க, தரையில் கட்டு இருக்கிறது. பீரோ மேல் கட்டு, ஜன்னல் திண்டில் கட்டு, ஓர் ஓரத்தில் கட்டுகளின் மேலே ஹெல்மெட், அதற்குள் யாருடையதோ டிபன் பாக்ஸ். கொடியில் இரண்டு கறுப்புக் கோட்டுகள் வியர்வை காய்ந்துகொண்டிருக்கின்றன. கோடையில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறதே என்று கேட்டேன். "இருக்கு. ஆனா கோட்டு போடாம நின்னா கட்சிக்காரரு நம்மள வக்கீல்னே நம்ப மாட்டாரு. ஏற்கெனவே 'இலவச வக்கீல்'னு இளக்காரம். இதுல கோட்டும் இல்லேன்னா?" என்றார் ஒரு ஜூனியர்.

சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் கவனியுங்கள். பழைய சட்டப் பிரிவு இடது பக்கம், புதிய பிரிவு வலது பக்கம். 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததிலிருந்து இந்தத் தாள்தான் அறையின் குலதெய்வம். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் எந்தத் தெருச்சண்டைக்கும் மந்திரம் மாதிரி வரும் மூன்று பிரிவுகள் உண்டு: 294(பி), 323, 506(2). கெட்ட வார்த்தை, கைகலப்பு, கொலை மிரட்டல். வக்கீல்களுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். இப்போது அவை 296(பி), 115(2), 351(3). கொலை 302-லிருந்து 103-க்குக் குடிபோய்விட்டது. "எல்லாத்தையும் பழகிக்கிட்டோம் சார். 420 போனதுதான் தாங்க முடியல. 318(4)னு எவனையாவது திட்ட முடியுமா?" ஜூனியரின் துக்கம் நியாயமானதுதான்.

அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர். அதன் தாள்களில் சில தேதிகளுக்குச் சிவப்பு வட்டம், ஓரத்தில் சின்னச் சின்னப் பென்சில் எண்கள். கல்யாண நாளா, வாய்தா நாளா? இரண்டுமில்லை. ஒருவரை ரிமாண்டில் வைத்த பிறகு குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், அவர் ஜாமீனில் வெளியே வருவது உரிமை. நீதிபதியின் தயவு அதற்குத் தேவையில்லை. ஆனால் மனு போட வேண்டும். போடாமல் இருந்து, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டதால், எண்ணுவதில் விரல்விட்டு விரல்விட்டு ஒரு தகராறே நடக்கிறது. "முப்பத்தொண்ணு இருக்குற மாசம்மா அது!" "தெரியும் சார், அதான் ஒருநாள் முன்னாடியே வட்டம் போட்டேன்."

பத்தரை. எல்லோரும் ஓடுகிறார்கள். நானும் ஓடுகிறேன்.

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கால் வொர்க். பெஞ்ச் கிளார்க் எண்களைச் சொல்லச் சொல்ல, வராந்தாவில் டவாலி பெயர்களைக் கூவுகிறார். பின்வரிசையில் நின்று பார்த்தால் ஒன்றுமே புரியாது. ஜூனியர் பெண் வக்கீல் என் காதில் கிசுகிசுத்து மொழிபெயர்த்தபடி வருகிறார். ஓர் இளைஞனைக் காவலர்கள் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கைலி, கசங்கிய சட்டை, செருப்பில்லாத கால். வக்கீல் இருக்கிறாரா என்று நீதிபதி கேட்கிறார். இளைஞன் "இல்லங்கய்யா" என்கிறான். கேட்க வேண்டியது நீதிபதியின் கடமை. அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பில், 2012-ல், உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாஜிஸ்ட்ரேட்டுகளுக்கும் அழுத்திச் சொன்னது. காவலில் இருப்பவர் ஏழையா பணக்காரரா என்ற கேள்வியே கிடையாது. காவலில் இருந்தால் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கும் அப்படியே.

ஜூனியர் முன்னால் போய் நிற்கிறார். இளைஞனிடம் பேச அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அதில் அவர் கேட்ட முதல் கேள்வி என்னவென்று நினைக்கிறீர்கள்? செய்தாயா இல்லையா என்பது இல்லை. "சாப்பிட்டியா?" அடுத்தது, "அடிச்சாங்களா?" மூன்றாவது, "வீட்ல யாருக்குச் சொல்லணும், நம்பர் ஞாபகம் இருக்கா?" இவனுக்கு அம்மாவின் நம்பரில் எட்டு இலக்கம்தான் ஞாபகம். மீதி இரண்டுக்கு ஜூனியர் தன் உள்ளங்கையில் எழுதி எழுதிப் பார்க்கிறார். பிறகு பையனே "அக்கா, எதிர்வீட்டு அண்ணன் நம்பர் தெரியும்" என்கிறான். உள்ளங்கையில் ஏறியது எதிர்வீட்டு அண்ணன்.

பதினொன்றரைக்கு டீ. கோர்ட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் சீனியர் கதை சொல்லும் நேரம் இது. அரசுத் தரப்பு வக்கீலும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அரை மணி நேரத்துக்கு முன் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டவர்கள், இங்கே ஒரே தட்டிலிருந்து உளுந்த வடையைப் பிய்க்கிறார்கள். எனக்கு அது முதலில் அதிர்ச்சி, அப்புறம் ஆறுதல்.

சீனியருக்குப் பிடித்த கதாபாத்திரம் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். அமெரிக்காவின் புளோரிடாவில், ஒரு பில்லியர்ட்ஸ் விடுதிக்குள் புகுந்து திருடியதாக வழக்கு. வக்கீல் வைக்கப் பணமில்லை, கேட்டும் கோர்ட் கொடுக்கவில்லை. தானே வாதாடித் தோற்று உள்ளே போனவர், சிறையிலிருந்தபடி பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் தீர்ப்பு வந்தது: குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும். மறு விசாரணையில் ஒரு வக்கீல் பேசியதும் கிடியன் விடுதலை. "அதே ஆளு, அதே சாட்சி. வக்கீல் ஒருத்தருதான் புதுசு!" என்று சீனியர் கிளாஸை டொக்கென்று வைக்கிறார்.

நம் ஊர்க் கதைக்கு வந்தால் அவருடைய குரல் இன்னும் ஏறும். அரசியல் சட்டத்தில் இலவசச் சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு 1976-ல்தான் வந்தது. 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், தங்கள் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவோ அதைவிடக் கூடுதல் காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களின் வழக்கு அது. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. டீ ஆறிவிட்டது. சீனியர் அதைக் கவனிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எனக்கு அதிர்ஷ்டம். ராஜபாளையத்துக்குப் போகும் பெண் ஜூனியரின் ஸ்கூட்டரில் பின் சீட் கிடைத்தது. மடவார்வளாகம் தாண்டினால் மேற்கே மலை கூடவே வருகிறது. ஜூனியர் ராஜபாளையத்துக்காரர். ஊர் நெருங்க நெருங்கக் குரலில் ஒரு தெம்பு கூடுகிறது. நூற்பாலைகள், பேண்டேஜ் துணி, மாம்பழம், நாய் என்று எல்லாவற்றையும் எனக்குக் காட்டிக்கொண்டே ஓட்டுகிறார். வந்த வேலை என்னவோ வேறு.

வேலை இதுதான். மில்லில் வேலை பார்க்கும் ஒரு பையன் மீது பைக் திருட்டு வழக்கு. முதல் முறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாமீன் கிடைத்து நாளாகிறது. பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஏன்? ராஜபாளையம் நடுவர் நீதிமன்றத்தில் இரண்டு ஜாமீன்தாரர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார். இரண்டாமவர் பையனின் தாய்மாமா. அவரிடம் எல்லாம் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, மனசும் இருக்கிறது. வீட்டு வரி ரசீதுதான் இல்லை. பாக்கி!

கதையில் கேட்டால் சிரிப்பு வரும். அங்கே நின்று பார்த்தால் வராது. மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தகரப் பெட்டியை நடுவீட்டில் கவிழ்க்கிறார். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, எல்.ஐ.சி. பாண்டு, பழைய கரண்ட் பில், ஒரு நாய்க்குட்டியின் போட்டோ. ரசீதும் வருகிறது, ஆனால் போன வருடத்தது. ஜூனியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "மாமா, சட்டையப் போடுங்க. நகராட்சிக்குப் போறோம். கட்டிட்டு ரசீதோட நேரா கோர்ட்டு." பையனின் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார், மாமா சட்டைப்பையைத் துழாவுகிறார், பக்கத்து வீட்டம்மா ஒரு ஐந்நூறை நீட்டுகிறார். கட்டினார்கள். ரசீது வந்தது.

வந்த ரசீதை வாங்கிப் பார்த்த ஜூனியர் அப்படியே நிற்கிறார். ஆதாரில் மாமாவின் பெயரில் ஒரு ஒற்று உண்டு. ரசீதில் அந்த ஒற்று இல்லை. ஒரு 'ச்'. தமிழாசிரியர் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். ஜூனியர் கண்ணீர் விடவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதே என்று ஓர் உறுதிமொழி எழுதத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டே என்னிடம், "இதுக்கெல்லாம் சட்டக் கல்லூரில பேப்பர் கிடையாது" என்றார்.

இந்த இடத்தில் மோதிராம் என்ற கொத்தனாரை நினைத்துக்கொண்டேன். மத்தியப் பிரதேசத்துக்காரர். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி முறையில் ஒருவர் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டம் என்று அதையும் தள்ளியது. 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கேட்டு வெகுண்டு, மோதிராம் 1,000 ரூபாய்க்குத் தன் சொந்தப் பிணையிலேயே வெளியே வரலாம் என்றார். அந்தத் தீர்ப்பை எல்லா வக்கீலும் படிக்கிறார்கள். ரசீது தேடும் வேலை மட்டும் குறையவில்லை. ஜாமீன் ஆர்டர் கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சில வழிமுறைகள் வகுத்தது: ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே யோசிக்கலாம். ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்குப் பணம் கொடுக்க மத்திய அரசின் திட்டமும் 2023-லிருந்து இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனாலும் கடைசி மைலில் யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் போய் மாமாவைச் சட்டை போட வைக்க வேண்டியிருக்கிறது.

கோர்ட் கலைவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். மாமாவிடம் பையன் என்ன உறவு, எங்கே குடியிருக்கிறீர்கள், அவன் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேள்விகள். மாமா எல்லாவற்றுக்கும் கைகட்டியே பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும், "வராம எங்க போவான்யா, அவங்கக்கா கல்யாணம் கெடக்கு" என்றார். பேனாக்கள் ஓடின. ஏற்றுக்கொண்டார்கள். ஜூனியர் வராந்தாத் தூணில் சாய்ந்து, கோட்டைக் கழற்றி உதறினார். முதுகு முழுக்க உப்புக் கோடு.

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர், மாலை ஆறு மணி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கோர்ட் கலைந்த பிறகு அறைக்குள் ஒத்திகை! மறுநாள் ஒரு நகைப் பறிப்பு வழக்கில் குறுக்கு விசாரணை. சாட்சியாக ஒரு ஜூனியர், நீதிபதியாக அலுவலக உதவியாளர் அம்மா. கூண்டுக்குப் பதில் நாற்காலி முதுகு.

"இருட்டுல ஆளை எப்படி அடையாளம் கண்டீங்க?" என்கிறார் சீனியர்.

"தெருவிளக்கு வெளிச்சத்துல கண்டேன் ஐயா" என்கிறார் சாட்சி, அப்படியொரு அப்பாவி முகத்தோடு.

"விளக்கு எரிஞ்சுச்சா?"

"ஜெகஜோதியா எரிஞ்சுச்சுங்க ஐயா!"

"ஏய், ஓவரா நடிக்காத!" என்று சீனியர் கத்த, 'நீதிபதி' மேஜையைத் தட்டி, "சாட்சிய மெரட்டாதீங்க சார்" என்கிறார். அறையே சிரிக்கிறது. சீனியரும்தான்.

பிறகு சீனியர் டீ கிளாஸ்களை எடுத்து மேஜையில் தெருவை வரைகிறார். இந்த கிளாஸ் நகையைப் பறிகொடுத்த அம்மா வீடு, இந்த கிளாஸ் கோயில் முக்கு, பேனா மூடி விளக்குக் கம்பம். போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் கிணறு இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, விளக்குக் கம்பம் மட்டும் இல்லை. அதை எப்படிக் கேட்பது என்பதுதான் ஒத்திகை. நேராகக் கேட்டால் சாட்சி சுதாரித்துவிடுவார். அதனால் கிணறு இருக்கிறதா, மரம் இருக்கிறதா, போலீஸ் வந்து எல்லாவற்றையும் பார்த்து எழுதினார்களா என்று ஆமாம் ஆமாம் சொல்ல வைத்துக்கொண்டே போகிறார். கடைசிக் கேள்வியை அவர் கேட்கவே போவதில்லையாம். அது வாதத்துக்கு.

அந்தத் தெருவில் உண்மையிலேயே கம்பம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆனால் முக்கைத் தாண்டி. இவருக்கு எப்படித் தெரியும்? ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தானே போய் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு நாய் துரத்தியதாகத் தகவல். "ராஜபாளையம் நாயா சார்?" என்று ஜூனியர் கேட்க, "எந்த ஜாதியா இருந்தா என்ன, ஓடத்தான செய்யணும்" என்கிறார்.

எனக்கு இங்கேதான் ஒரு கோபம் வந்தது. கபடியில் ஒரு பக்கம் ஏழு பேரும் எதிர்ப்பக்கம் ஒருவரும் நின்றால் அதை ஆட்டம் என்போமா? அரசுத் தரப்புக்குக் காவல் நிலையம் இருக்கிறது, ஜீப் இருக்கிறது, தடய அறிவியல் கூடம் இருக்கிறது, விசாரணை அதிகாரி இருக்கிறார். எதிர்த் தரப்புக்கு 2022 திட்டம் கொடுத்திருப்பது வக்கீல்கள், கணினியில் பதிவு செய்ய ஒருவர், அலுவலக உதவிக்கு ஆட்கள். உண்மையைத் தேடிப் போக ஒரு புலனாய்வாளர்கூடக் கிடையாது. குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சமூகப் பணியாளர் கிடையாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை வேறு. வக்கீலைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்பதற்கு அனோகிலால் வழக்கு ஒன்று போதும். மத்தியப் பிரதேசத்தில் 2013-ல் அவருக்குச் சட்ட உதவி வக்கீல் கொடுத்த அன்றைக்கே குற்றச்சாட்டும் வனைந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை ரத்து செய்து, ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்றது. பிறகும் இழுபறிதான். கடைசியில் 2024-ல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

கோபத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொள்ள இந்த அறை விடாது. வாசலில் ஒரு குரல். மத்தியானம் பார்த்த பையனின் அம்மாதான்! ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் ஒரு பொட்டலம். ஓலைப்பெட்டியில்லை, அட்டைப்பெட்டி. மேலே கடைப் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி என்ன வாங்கியிருப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? பால்கோவா வாசனை கட்டுகளின் தூசு வாசனையை ஒரே நொடியில் தோற்கடித்துவிட்டது.

"வேண்டாம்மா. எடுத்துட்டுப் போங்க" என்கிறார் ஜூனியர்.

"ஒரு வாயி எடுத்துக்க தாயி. காசா குடுக்கேன்? இனிப்புதான."

"உங்ககிட்ட ஒரு பைசா வாங்கக் கூடாதும்மா. பைசாவும் கூடாது, பால்கோவாவும் கூடாது. எழுதியே வச்சிருக்காங்க."

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். சட்ட உதவி பெறுகிறவரிடமிருந்து வக்கீல் எந்த வடிவத்திலும் கட்டணம் வாங்கக் கூடாது. அம்மாவுக்கு அது புரியவில்லை. காசு வாங்காத வக்கீல் வேலையைச் சரியாகப் பார்ப்பாரா என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. 'சும்மா வர்ற வக்கீல்' வேண்டாம், வளையலை வைத்தாவது ஒரு வக்கீல் பார்க்கலாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த வளையல் கையிலேயே கிடக்கிறது, பையனும் வரப்போகிறான். அதற்கு எதையாவது கொடுத்தே தீர வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பொட்டலம் மேஜைக்கும் வாசலுக்குமாக நாலு தடவை போய்வந்தது. ஜூனியரின் கண்கள் சட்டத்தின் பக்கம் இருந்தன. மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்த்தேன், எழுதமாட்டேன்.

கடைசியில் 'நீதிபதி' அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "பெட்டியப் பிரிக்காதீங்க. நாளைக்கு ஜெயில் வாசல்ல ஒங்க மகனுக்குக் குடுங்க. அவன்தான் எத்தன நாளு களி தின்னானோ." மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு. அந்தம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள், யாரைப் பார்க்க வேண்டும், ஆதார் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினார். ஆர்டர் சிறைக்கு இ-மெயிலில் போய்விட்டதா என்று கணினி முன்னால் இருந்தவர் ஒரு தடவை, சீனியர் ஒரு தடவை, ஜூனியர் ஒரு தடவை என்று மூன்று பேரும் பார்த்துச் சொன்னார்கள்.

கோட்டுகள் கொடிக்குப் போயின. கழுத்துப் பட்டை, என் கண் முன்னாலேயே, மறுபடி ஏதோ ஒரு புத்தகத்துக்குள் போனது. விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் சீனியரின் போன். ராஜபாளையத்தில் ஒரு ரிமாண்ட், இப்போதே, மாஜிஸ்ட்ரேட் வீட்டில் ஆஜர்படுத்துகிறார்களாம். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், அதற்கு ராத்திரி பகல் கிடையாது. "யார் போறா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஜூனியர் ஹெல்மெட்டை எடுத்துவிட்டார். அதற்குள் இருந்த டிபன் பாக்ஸ் விழுந்து உருண்டது. "அண்ணே, உங்க சப்பாத்தி!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினார். போகிற போக்கில் என்னிடம், "எழுதும்போது 15100ங்கற நம்பரப் போட்டுருங்க. டோல் ஃப்ரீ. பாதிப் பேருக்கு நாங்க இருக்கறதே தெரியல" என்றார்.

போட்டுவிட்டேன்.